பிரீமியம் பெட்ரோல்: ஆக்டேன் எண்ணின் வரலாறு

பிரீமியம் பெட்ரோல் என்பது வழக்கமான, அதாவது ரெகுலர் பெட்ரோலைவிட உயர்ந்த ஆக்டேன் எண் கொண்ட எரிபொருள் ஆகும். எஞ்சினுக்குள் அழுத்தப்படும்போது தானாகத் தீப்பற்றாமல் எரிபொருள் எந்த அளவுக்குத் தாக்குப்பிடிக்கும் என்பதையே ஆக்டேன் எண் குறிக்கிறது. எரிபொருளில் உள்ள ஆற்றலையோ அதன் தூய்மையையோ அது அளப்பதில்லை. அமெரிக்காவில் விற்கப்படும் பல கார்களின் கையேடுகள் பிரீமியம் பெட்ரோலைப் 'பரிந்துரைக்கின்றன'. வேறு சில 'கட்டாயம்' என்கின்றன. பரிந்துரைக்கும் காரில் ரெகுலர் பெட்ரோல் நிரப்பலாமா என்ற கேள்விக்கான விடை, இச்சொற்கள் உருவான சுமார் நூறாண்டு வரலாற்றில் உள்ளது.

நாக்கிங் சிக்கல்

பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைப் பிஸ்டன் அழுத்துகிறது. பின்னர் ஸ்பார்க் பிளக்கின் பொறி அதைப் பற்றவைக்கிறது. தீ பிளக்கிலிருந்து ஒழுங்காகப் பரவ வேண்டும். ஆனால் தீ வந்து சேருமுன்பே, எஞ்சியிருக்கும் கலவை வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் தானே வெடிப்பதுண்டு. அப்போது உலோகத்தைத் தட்டுவது போன்ற ஓசை எழும். இதுவே நாக்கிங் எனப்படுகிறது. தொடர்ந்து கடுமையாக நிகழ்ந்தால் பிஸ்டன் சேதமடையும்.

கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறோமோ அதுவே அழுத்த விகிதம். இது உயர்ந்தால் அதே பெட்ரோலில் கூடுதல் திறன் கிடைக்கும். நாக்கிங் அபாயமும் கூடும். ஃபோர்டு மாடல் டி காரின் அழுத்த விகிதம் ஏறத்தாழ 4:1 மட்டுமே. அக்காலப் பெட்ரோல் அதற்கு மேல் தாங்கவில்லை. பிரிட்டனில் ஹாரி ரிக்கார்டோ, நாக்கிங்குக்கு எரிபொருளின் தன்மையே முக்கியக் காரணம் என்பதை ஆய்வுகளால் காட்டினார்.

ஈயம் வந்த வழி

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உள்ள டேட்டன் நகரில் சார்லஸ் கெட்டரிங்கின் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1916-இல் இச்சிக்கலை ஆராயத் தொடங்கினார். அயோடின் நாக்கிங்கைக் குறைப்பதை அவர் முதலில் கண்டார். ஆனால் அது விலை மிகுந்தது, உலோகத்தை அரிப்பது. அனிலின், செலினியம், டெல்லூரியம் சேர்மங்கள் எனப் பல பொருள்கள் சோதிக்கப்பட்டன. 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் சோதிக்கப்பட்டபோது நாக்கிங் அடங்கியது. ஒரு காலன் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 3 மில்லிலிட்டர் போதுமானதாக இருந்தது.

ஆல்கஹாலும் நாக்கிங்கைத் தடுக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆனால் அதைப் பெருமளவில் கலக்க வேண்டியிருந்தது. ஈயச் சேர்மமோ மிகச் சிறிய அளவில் வேலை செய்தது. அதன் பயன்பாட்டுக்குக் காப்புரிமையும் பெற முடிந்தது. 1923 பிப்ரவரியில் டேட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் 1924-இல் எத்தில் கேசோலின் கார்ப்பரேஷனைத் தொடங்கின. விற்பனைப் பெயரில் 'ஈயம்' என்ற சொல் இடம்பெறவில்லை. 'எத்தில்' மட்டுமே இருந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் நியூ ஜெர்சியில் உள்ள பேவே ஆலையில் ஈய நச்சால் 5 தொழிலாளர்கள் இறந்தனர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். 1925 மே மாதம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை கூட்டிய மாநாட்டின்போது விற்பனை நிறுத்திவைக்கப்பட்டது. தடை செய்யப் போதிய காரணம் இல்லை என்று நிபுணர் குழு கூறியதால் 1926-இல் விற்பனை மீண்டும் தொடங்கியது. எத்தில் பெட்ரோல் சாதாரணப் பெட்ரோலைவிடச் சில சென்ட் கூடுதல் விலையில் தனிப் பம்புகளில் விற்கப்பட்டது. ரெகுலர், பிரீமியம் என்ற இரு தரப் பிரிவு இவ்வாறே வேரூன்றியது. நாக்கிங்கைத் தடுக்கும் ஒரு பண்புக்குத் தரப்பட்ட கூடுதல் விலை, வாடிக்கையாளர் மனத்தில் உயர்தரத்தின் அடையாளமாகப் பதிந்தது.

ஆக்டேன் அளவுகோல்

நாக்கிங்கை ஒப்பிட ஒரு பொது அளவுகோல் தேவைப்பட்டது. எத்தில் நிறுவனத்தின் வேதியியலாளர் கிரஹாம் எட்கர் 1926–27-இல் இதை வகுத்தார். எளிதில் நாக்கிங் உண்டாக்கும் ஹெப்டேனுக்கு 0, நன்கு தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என அவர் வைத்தார். தூய ஹெப்டேன் அப்போது ஜெஃப்ரி பைன் மரத்தின் பிசினிலிருந்து பெறப்பட்டது. ஒரு பெட்ரோலின் எண் 87 என்றால், 87 பங்கு ஐசோ ஆக்டேனும் 13 பங்கு ஹெப்டேனும் கொண்ட கலவையைப் போல அது நாக்கிங்கைத் தாங்குகிறது என்று பொருள்.

1920-களின் இறுதியில், அழுத்த விகிதத்தை மாற்றக்கூடிய ஒற்றை சிலிண்டர் சோதனை எஞ்சின் உருவாக்கப்பட்டது. அதை 600 ஆர்பிஎம் வேகத்தில் இயக்கிப் பெறுவது ஆய்வு ஆக்டேன் எண். 900 ஆர்பிஎம் வேகத்தில், கலவையைச் சூடாக்கிக் கடுமையான நிலையில் பெறுவது மோட்டார் ஆக்டேன் எண். ஒரே பெட்ரோலுக்கு இரண்டாவது எண் பொதுவாகக் குறைவாக வரும்.

அழுத்தப் போட்டியும் அதன் முடிவும்

இரண்டாம் உலகப் போரில் 100 ஆக்டேன் விமான எரிபொருள் பயன்பட்டது. 1940-இல் பிரிட்டன் வான்போரில் பிரிட்டிஷ் போர் விமானங்கள் இதைக்கொண்டு இயங்கின. போருக்குப் பின் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் அழுத்த விகிதத்தை உயர்த்திக்கொண்டே சென்றன. 1960-களின் சக்திமிக்க கார்கள் சிலவற்றில் அது 10:1-ஐக் கடந்தது. அவற்றுக்கு ஈயம் கலந்த பிரீமியம் உண்மையிலேயே கட்டாயம். ரெகுலர் நிரப்பினால் நாக்கிங் ஓட்டுநர் காதிலேயே கேட்கும். அதைத் தடுக்கும் அமைப்பு எதுவும் காரில் இல்லை. எஞ்சின் மெக்கானிக்கிடம் போனால் பொறி விழும் நேரத்தைக் கையால் பின்தள்ளி வைப்பார்.

புவி வேதியியலாளர் கிளேர் பேட்டர்சன், சுற்றுச்சூழலில் பரவியுள்ள ஈயம் இயற்கை அளவைவிட மிக அதிகம் என்று 1965-இல் எடுத்துரைத்தார். 1970-இல் தூய காற்றுச் சட்டத் திருத்தம் வந்தது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை ஈயம் கெடுத்துவிடும் என்பதால், 1975 மாடல்களிலிருந்து பெரும்பாலான கார்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் தேவையாயிற்று. அழுத்த விகிதங்கள் இறங்கின; எஞ்சின்களின் திறனும் குறைந்தது. 1996 ஜனவரி 1 முதல் அமெரிக்கச் சாலை வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் முற்றிலும் தடை செய்யப்பட்டது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் விற்கப்படுகிறது.

நாக்கிங் சென்சார்

'பரிந்துரை' என்ற சொல்லுக்கு இடம் கொடுத்தது மின்னணுவியல். 1978 ப்யூக் டர்போ கார்களில் நாக்கிங்கின் அதிர்வை உணரும் சென்சார் பொருத்தப்பட்டது. ஸ்வீடனின் சாப் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் இதே வழியில் டர்போவின் அழுத்தத்தையே குறைக்கும் அமைப்பைக் கொண்டுவந்தது. இன்றைய கார்களில் கணினி சென்சாரைக் கவனித்து, நாக்கிங் தொடங்கியதும் பொறி விழும் நேரத்தைத் தாமதப்படுத்துகிறது. மெக்கானிக் கையால் செய்த வேலையை இப்போது கணினி ஓடும்போதே செய்கிறது. எஞ்சின் காப்பாற்றப்படுகிறது, அதற்கு ஈடாகச் சிறிது திறனும் மைலேஜும் போகின்றன.

கட்டாயமும் பரிந்துரையும்

'பரிந்துரை' என்றால், ரெகுலரிலும் கார் பாதுகாப்பாக ஓடும், முழுத் திறன் கிடைக்காது என்பது பொருள். 'கட்டாயம்' என்றால், தாமதப்படுத்தும் அமைப்பை மட்டும் நம்பித் தொடர்ந்து ஓட்டுவதை நிறுவனம் ஏற்கவில்லை என்பது பொருள். அதிகச் சுமை, கடும் வெயில், மலையேற்றம் ஆகியவற்றில் இவ்வேறுபாடு கூர்மையாகும்.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏ, பிரீமியம் பரிந்துரைக்கப்பட்ட கார்களை 2017-இல் சோதித்தது. பிரீமியத்தில் மைலேஜ் சராசரியாக 2.7 சதவீதமும் திறன் 1.4 சதவீதமும் மட்டுமே கூடின. அப்போதைய விலை வேறுபாடு அதைவிடப் பல மடங்கு அதிகம். ரெகுலருக்கென வடிவமைக்கப்பட்ட காரில் பிரீமியம் நிரப்புவதால் பொதுவாகப் பயன் ஏதுமில்லை என அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையமும் அறிவுறுத்துகிறது.

நாடுகளுக்கிடையே எண்கள்

அமெரிக்கப் பம்புகளில் ஆய்வு எண், மோட்டார் எண் ஆகிய இரண்டின் சராசரி எழுதப்படுகிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் ஆய்வு எண்ணே பயன்படுகிறது. எனவே அமெரிக்காவின் 87 ரெகுலர், இந்தியக் கணக்கில் ஏறத்தாழ 91-க்குச் சமம். அமெரிக்கக் கையேட்டில் '91' என்று இருப்பது பிரீமியத்தைக் குறிக்கும். இந்தியக் கையேட்டில் அதே '91' சாதாரணப் பெட்ரோலையே குறிக்கக்கூடும். இணையத்தில் அமெரிக்கர் ஒருவர் தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தம் காரின் கையேட்டிலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ அச்சிட்டுள்ள குறைந்தபட்ச எண்ணையும், அது எந்த முறையில் அளந்த எண் என்பதையும் பார்ப்பது அவசியம்.