கண்ணகி கதையில் ஒரு யாழ்

முல்லைத்தீவை அடுத்த வற்றாப்பளையிலே கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பொங்கலிடும் வன்னி மக்கள் அவள் கதையை நன்கறிவர். கோவலனும் மாதவியும் பிரிந்தது, கடற்கரையில் இருவரும் மாறிமாறி யாழிசைத்துப் பாடிய பாடல்களாலன்றோ? அந்த யாழ் எத்தகையது?

யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நரம்பு வேண்டும். காஷ்மீரத்துச் சந்தூரும் இவ்வியல்பினதே. அதனைச் சிறு கோல்களால் தட்டுவர், யாழையோ விரலால் மீட்டுவர். ஒரே தந்தியிற் பல சுரங்களைத் தரவல்ல வீணை பரவிய பின்னர், யாழ் வழக்கொழிந்தது.

காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள், சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையின் இசைக்குறிப்புக்களைப் பல்லாண்டு ஆராய்ந்து, யாழின் வடிவங்களையும் சுர அளவுகளையும் கணித்தறிந்தார். அவரது ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஜூலை 19ஆந் திகதி அடிகள் மறைந்தார்.

நேயர்களே, கருவி மறைந்தது. காப்பியம் அதன் இலக்கணத்தைக் காத்துத் தந்தது. கண்ணகி கதை கேட்கும்போது அந்த நரம்பொலியையும் நினைவிற் கொள்வோமாக.