கனடாவில் கைத்தொலைபேசி நிறுவனங்களின் போட்டி: பூட்டிய தொலைபேசியிலிருந்து நான்காவது நிறுவனம் வரை

கனடாவின் கைத்தொலைபேசிச் சந்தையில் பெரும்பகுதி றொஜர்ஸ், பெல், ரெலஸ் என்ற மூன்று நிறுவனங்களிடமே இருக்கிறது. கடைகளில் நாம் காணும் பெயர்கள் இதைவிட அதிகம். ஆனால் ஃபைடோ றொஜர்ஸுக்குச் சொந்தமானது. வேர்ஜின் பிளஸ், லக்கி மொபைல் ஆகியவை பெல்லினுடையவை. கூடோ, பப்ளிக் மொபைல் ஆகியவை ரெலஸினுடையவை. நிறுவனம் மாறிவிட்டோம் என்று நினைக்கும் பலர் உண்மையில் பெயரை மட்டுமே மாற்றியிருப்பார்கள். இந்த நிலை எப்படி உருவானது, இன்று நமக்கு என்ன உரிமைகள் உள்ளன என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

ஒரு நாடு, பல தொழில்நுட்பங்கள்

கனடாவில் கைத்தொலைபேசிச் சேவை 1985 யூலை 1ஆம் திகதி தொடங்கியது. ரொறன்ரோ மேயர் ஆர்ட் எகிள்ற்றன், மொன்றியல் மேயர் ஜோன் ட்ரப்போவுடன் முதல் அழைப்பில் பேசினார். அரசு ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு உரிமங்களை வழங்கியது. ஒன்று பின்னாளில் றொஜர்ஸ் ஆன கன்ரெல் நிறுவனத்துக்கு. மற்றையது அந்தந்தப் பகுதியின் பழைய தொலைபேசி நிறுவனத்துக்கு. அப்போது இரண்டும் ஒரே அனலொக் முறையில் இயங்கின.

டிஜிற்றல் காலத்தில் பாதைகள் பிரிந்தன. கன்ரெல் ரிடிஎம்ஏ முறையைத் தேர்ந்தது. பெல், ரெலஸ், கிளியர்நெற் ஆகியன சிடிஎம்ஏ முறைக்குச் சென்றன. மைக்ரோசெல் நிறுவனம் 1996இல் மொன்றியலில் ஃபைடோ என்ற பெயரில் ஜிஎஸ்எம் சேவையைத் தொடங்கியது.

ஜிஎஸ்எம் தொலைபேசியில் வாடிக்கையாளரின் அடையாளம் சிம் அட்டையில் இருக்கும். அட்டையைக் கழற்றி வேறு தொலைபேசியில் போட்டால் இலக்கமும் கூடவே போகும். அக்கால வட அமெரிக்க சிடிஎம்ஏ தொலைபேசியில் அட்டை இல்லை. அடையாளம் கருவிக்குள்ளேயே பதிந்திருந்தது. ஆகவே நிறுவனத்தின் அனுமதியின்றி அந்தத் தொலைபேசியை வேறு இடத்தில் பயன்படுத்த முடியாது.

எம்மவர்கள் இதை ஊருக்குப் போகும்போது கண்டுகொண்டார்கள். இலங்கையின் கைத்தொலைபேசிச் சேவை, 1995இல் டயலொக் தொடங்கியதிலிருந்து, ஜிஎஸ்எம் வழியிலேயே வளர்ந்தது. அங்கே சிடிஎம்ஏ என்பது பெரும்பாலும் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிகளுக்கான பெயர். எனவே கனடாவின் சிடிஎம்ஏ கைத்தொலைபேசியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால் உள்ளூர் சிம் போட இடமே இருக்காது. ஜிஎஸ்எம் தொலைபேசியாக இருந்தாலும் அது இரண்டு நாடுகளின் அலைவரிசைகளிலும் இயங்க வேண்டும், பூட்டும் திறந்திருக்க வேண்டும்.

ஒருவரை ஒருவர் வாங்கிய காலம்

ஃபைடோ நிமிடக் கணக்கை விட்டு வினாடிக் கணக்கில் கட்டணம் அறவிட்டது. ஒப்பந்தமின்றியும் சேவை வழங்கியது. ஆனால் புதியவர்கள் நீண்டகாலம் தனித்து நிற்கவில்லை. 2000இல் ரெலஸ் கிளியர்நெற்றை 6.6 பில்லியன் டொலருக்கு வாங்கியது. 2004இல் றொஜர்ஸ் மைக்ரோசெல்லை 1.4 பில்லியன் டொலருக்கு வாங்கியது. அதற்குள் றொஜர்ஸும் ஜிஎஸ்எம் முறைக்கு மாறியிருந்ததால், நாடளாவிய ஜிஎஸ்எம் சேவை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கைக்குப் போனது.

அதன் விளைவு 2008 யூலையில் தெரிந்தது. ஐபோன் 3ஜி ஜிஎஸ்எம் வழிவந்த வலையமைப்புகளில் மட்டுமே இயங்கியது. ஆகவே கனடாவில் அதை றொஜர்ஸிடமும் அதன் ஃபைடோவிடமும் மட்டுமே, மூன்றாண்டு ஒப்பந்தத்தில், வாங்க முடிந்தது. கட்டண விபரம் வெளியானதும் பல்லாயிரம் பேர் இணையத்தில் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர். அதன்பின் றொஜர்ஸ் குறுகிய காலச் சலுகையாக 30 டொலருக்கு 6 ஜிபி தரவை அறிவித்தது.

2009 நவம்பரில் பெல்லும் ரெலஸும் சேர்ந்து அமைத்த எச்எஸ்பிஏ வலையமைப்பு வந்தது. இதுவும் ஜிஎஸ்எம் குடும்பத்தைச் சேர்ந்தது, சிம் அட்டை கொண்டது. மூன்று நிறுவனங்களும் ஒரே தொழில்நுட்பத்துக்கு வந்துவிட்டன. ஆனால் தொலைபேசிகள் தொடர்ந்தும் பூட்டியே விற்கப்பட்டன. மூன்றாண்டு ஒப்பந்தமும் நீடித்தது. தொழில்நுட்பம் தடுத்ததை இப்போது பூட்டும் ஒப்பந்தமும் தடுத்தன.

விதிகள் செய்த வேலை

போட்டியைத் திறந்தவை பெரும்பாலும் விதிமுறைகளே. 2007 மார்ச்சில் பழைய இலக்கத்துடனேயே நிறுவனம் மாறும் உரிமை கிடைத்தது. சி.ஆர்.ரி.சி ஆணைக்குழுவின் கம்பியில்லாச் சேவைக் கோவை 2013 டிசெம்பர் 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் இரண்டு ஆண்டுகள் முடிந்தால் தண்டமின்றி ஒப்பந்தத்தை முறிக்கலாம். 2017 டிசெம்பர் 1 முதல் புதிய தொலைபேசிகள் பூட்டின்றியே விற்கப்பட வேண்டும். பழையவற்றின் பூட்டைத் திறக்கவும் கட்டணம் அறவிடக் கூடாது.

நான்காவது நிறுவனத்தை உருவாக்கவும் அரசு முயன்றது. 2008 அலைவரிசை ஏலத்தில் ஒரு பகுதி புதியவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. ஏலத்தில் 4.25 பில்லியன் டொலர் திரண்டது. வின்ட், மொபிலிசிற்றி போன்றவை அப்படி வந்தவை. ஆனால் வின்ட் பெற்ற அலைவரிசையில் அன்றைய ஐபோன் இயங்கவில்லை. மறுபடியும் கருவியே தடையாக நின்றது. மொபிலிசிற்றியை 2015இல் றொஜர்ஸ் வாங்கியது. 2016இல் ஷோ நிறுவனத்திடம் போன வின்ட், ஃப்ரீடம் எனப் பெயர் மாறியது. 2023இல் றொஜர்ஸ் ஷோவை வாங்கியபோது, ஃப்ரீடம் மட்டும் பிரிக்கப்பட்டு கியூபெக்கின் விடியோற்றோனுக்கு 2.85 பில்லியன் டொலருக்கு விற்கப்பட்டது.

நிறுவனங்களின் எண்ணிக்கை கட்டணத்துக்கு மட்டும் முக்கியமானதல்ல. 2022 யூலை 8ஆம் திகதி பராமரிப்பு வேலையின்போது நேர்ந்த பிழையால் றொஜர்ஸ் வலையமைப்பு நாடு முழுவதும் நின்றது. கைத்தொலைபேசியும் வீட்டு இணையமும் ஒரே மையத்தைச் சார்ந்திருந்ததால் இரண்டும் சேர்ந்தே நின்றன. பல இடங்களில் 911 அழைப்பு கிடைக்கவில்லை. இன்ரராக் வங்கி அட்டைக் கொடுப்பனவும் முடங்கியது.

குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

ஒரே வீட்டில் எல்லாத் தொலைபேசிகளும் இணையமும் ஒரே நிறுவனத்தில் இருந்தால் கழிவு கிடைக்கலாம். ஆனால் முதியவர்களோ நோயாளிகளோ உள்ள வீட்டில் ஒரு தொலைபேசியாவது வேறு வலையமைப்பில் இருப்பது பாதுகாப்பு. இந்தக் கணக்கில் றொஜர்ஸும் ஃபைடோவும் ஒன்றே. பெல்லும் ரெலஸும் கோபுரங்களைப் பகிர்வதால் அவையும் முற்றிலும் வேறானவை அல்ல.

பழைய இலக்கத்துடன் மாற விரும்பினால், புதிய நிறுவனம் இலக்கத்தை எடுத்து முடிக்கும்வரை பழைய சேவையை நிறுத்த வேண்டாம். முதலில் நிறுத்தினால் இலக்கத்தை இழக்க நேரிடலாம். தவணையில் எடுத்த தொலைபேசியானால் மிகுதித் தொகையைக் கட்ட வேண்டியிருக்கும், அதையும் முன்கூட்டியே கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.