ஓ.டி. போதாது: போட்டித் தற்காப்புக் கலையும் பல்கலைக்கழக நாட்காட்டியும்

பெங்களூரு ஈஜிபுராவை ஒட்டி, 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்காக எழுப்பப்பட்ட விளையாட்டுக் கிராமம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பாக இருக்கிறது. அதே போட்டிக்குக் கட்டிய கோரமங்கலா உள்ளரங்கமும் அருகில்தான். செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியும் ஓசூர் சாலையின் கிறைஸ்ட் பல்கலைக்கழகமும் அதிகத் தொலைவில் இல்லை. விளையாட்டும் உயர்கல்வியும் இவ்வளவு நெருங்கி நிற்கும் பகுதியிலும், ஜூடோவிலோ டேக்வாண்டோவிலோ நாட்டின் அணிக்கு ஆடிக்கொண்டே ஒருவர் முறையாகப் பட்டம் பெறுவது கடினம். நாளுக்கு 24 மணி நேரம்தானே, இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மணிக்கணக்கில் இடையூறு இல்லை, நாட்காட்டியில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பல்கலைக்கழகம் வைத்திருக்கும் தேதிகளும் விளையாட்டு வைத்திருக்கும் தேதிகளும் மோதும்போது, விட்டுக்கொடுக்கும் பொறுப்பு முழுவதும் பத்தொன்பது வயது மாணவர் தலையில் விழுகிறது.

விதிகளையே பார்ப்போம். இந்தியப் பல்கலைக்கழகங்களில் பருவத்தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது பரவலான நடைமுறை. ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், ஒருவர் இழக்கக்கூடியது 22 நாட்கள். அண்ணா பல்கலைக்கழக விதிகள் 65 விழுக்காடு வரை இறங்கி வந்து மன்னிக்கின்றன. அந்தச் சலுகை யாருக்கு? மருத்துவமனையில் கிடந்தவருக்கும் விளையாட்டுப் போட்டிக்குப் போனவருக்கும், ஒரே விதியில். நோயும் போட்டியும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டும் திடீரென வந்து போகும் இடையூறுகள் என்ற எண்ணம் அதன் பின்னால் இருக்கிறது. ஆனால் தேசிய அணி வீரரின் ஆண்டு முன்கூட்டியே எழுதப்பட்ட ஒன்று: தேர்வுச் சுற்று, வாரக்கணக்கில் தேசிய முகாம், ரேங்கிங் புள்ளிக்காக வெளிநாட்டுப் போட்டிகள். கல்லூரி தரும் 'ஓ.டி.' (ஆன் டியூட்டி) அனுமதி போட்டி நாட்களை வருகையாகக் கணக்கிடுகிறது. முகாமுக்கும் உடல் மீட்சிக்கும் போகும் நாட்கள் பெரும்பாலும் அதற்கு வெளியே நிற்கின்றன. ஓ.டி. கிடைத்தாலும் வருகைப் பதிவேடு நிறையுமே தவிர, தவறிய ஆய்வக வகுப்பு திரும்ப நடப்பதில்லை.

தற்காப்புக் கலைகளில் இந்த மோதல் மற்ற விளையாட்டுகளைவிடக் கூர்மையானது. காரணம் எடைப்பிரிவு. ஜூடோவில் போட்டிக்கு முந்தைய நாள் எடை பார்க்கிறார்கள். மறுநாள் காலை சிலரைத் தேர்ந்து மீண்டும் பார்க்கும்போது பிரிவின் எல்லையை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் தாண்டியிருக்கக் கூடாது. மல்யுத்தத்தில் போட்டி நாட்களின் காலையிலேயே எடை. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவின் இறுதிக்கு வந்த பிறகு 100 கிராம் கூடுதலாக இருந்ததற்காகத் தகுதி இழந்ததை நாடே பார்த்தது. எடையை இறக்கும் வாரத்தில் உணவும் நீரும் குறைகின்றன, தூக்கம் கெடுகிறது. அந்த வாரத்தில் உள்மதிப்பீட்டுத் தேர்வு வந்தால் மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருப்பார், பதிவேட்டிலும் இருப்பார்; படிக்கும் நிலையில் இருக்க மாட்டார். இங்கே கல்வி நிறுவனம் தலையிட முடியுமா என்றால், முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 1997 இறுதியில் சில வாரங்களுக்குள் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் இறந்தனர். கல்லூரி விளையாட்டை ஆளும் என்.சி.ஏ.ஏ. உடனே விதிகளை மாற்றியது: நீராவி அறையும் ரப்பர் உடையும் தடைசெய்யப்பட்டன, எடை பார்க்கும் நேரம் போட்டிக்கு நெருக்கமாக நகர்ந்தது, பருவத் தொடக்கத்திலேயே ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடை வரையறுக்கப்பட்டது. அதே அமைப்பு 1991 முதல் பருவகாலப் பயிற்சியை வாரத்துக்கு 20 மணி நேரம் என்று கட்டுப்படுத்தியும் வைத்திருக்கிறது. அந்த வரம்பு மீறப்படுவதாகக் குறை கூறுவோர் உண்டு. ஆனாலும் பயிற்சியாளரிடமும் ஒரு கட்டுப்பாட்டைக் கேட்கலாம் என்பதை அது நிறுவியது. நம்மிடம் கட்டுப்பாடு மாணவருக்கு மட்டும்தான்.

இக்கலைகளின் நவீன வரலாறே பல்கலைக்கழகத்துக்குள் நடந்தது என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ டோக்கியோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது ஜுஜுத்சு கற்றார். 1882இல் கோடோகான் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கியபோது அவர் கல்விப் பணியில் இருந்தவர். பிறகு டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். ஒகினாவாவின் பள்ளி ஆசிரியர் கிச்சின் ஃபுனாகோஷி 1922இல் டோக்கியோவுக்கு வந்து கராத்தேவை அறிமுகப்படுத்தினார். 1924இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் கராத்தே மன்றம் அமைந்தது. கலை பரவியது அத்தகைய மன்றங்கள் வழியாகத்தான். இதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நீச்சல்காரர் தனியே நீந்திப் பயிலலாம். ஜூடோவுக்குத் தன் எடையில், தன் திறனில், நாள்தோறும் விழவும் வீழ்த்தவும் ஆட்கள் வேண்டும். பல ஊர் இளைஞர்கள் ஒரே வயதில் கூடும் பல்கலைக்கழகம் அந்தத் தேவைக்கு இயல்பான இடம்.

இந்தியா வேறு வழியில் போனது. உயர்நிலைப் பயிற்சி இந்திய விளையாட்டு ஆணையத்தின் மையங்களில் குவிந்தது. கல்வி அதன் பின்னால் ஓடியது. சென்னையில் பள்ளி மாணவியாக 2004இல் வாள்வீச்சைத் தொடங்கிய பவானி தேவி, கேரளத்தின் தலச்சேரியில் உள்ள அத்தகைய மையத்துக்கு இடம்பெயர்ந்து அங்குள்ள பிரென்னன் கல்லூரியில் படித்தார். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் களம் இறங்கிய முதல் இந்திய வாள்வீச்சாளர் ஆனார். வாள் போன ஊருக்குப் படிப்பும் போனது. அவர் சாதித்தார் என்பதால் வழி சரியாக இருந்தது என்று ஆகிவிடாது. அதே பாதையில் பாதியில் படிப்பை விட்டவர்களை எந்தப் பதக்கப் பட்டியலும் காட்டாது. அரசின் பதில் பெரும்பாலும் சேர்க்கையோடு நிற்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2024-25 முதல் விளையாட்டுச் சிறப்புச் சேர்க்கை நடத்துகிறது. இவை நல்லவை, தேவையானவை. ஆனால் சேர்ந்த பிறகு ஏழாம் வாரத் தேர்வும் தேசிய முகாமும் மோதினால் என்ன செய்வது என்ற கேள்விக்குச் சேர்க்கை விதி பதில் சொல்லாது. ஜெயின் பல்கலைக்கழகம் பொறுப்பேற்க, 2022 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூருவில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் ஜூடோ, குத்துச்சண்டை, மல்யுத்தம், வாள்வீச்சு, கராத்தே எல்லாம் இருந்தன. நாட்டின் பல்கலைக்கழகங்கள் ஒரே தேதிகளுக்கு உடன்பட முடியும் என்பதை அந்தப் போட்டி காட்டியது. பத்து நாளுக்கு முடிந்தது பருவம் முழுமைக்கும் ஏன் முடியாது?

இது மற்ற மாணவர்களுக்கு அநீதி என்ற எதிர்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. நான் கோருவது மதிப்பெண் சலுகை அல்ல. கருணை மதிப்பெண் வீரருக்கும் அவமதிப்பு, பட்டத்துக்கும் சேதம். அதே வினாத்தாள் தரம், அதே தேர்ச்சி எல்லை, வேறு தேதி: இவ்வளவே கோரிக்கை. பருவத் தொடக்கத்தில் மாணவர், பயிற்சியாளர், துறைத்தலைவர் மூவரும் கையெழுத்திட்ட ஆண்டுத் திட்டம், அரியர் என்று முத்திரை விழாத மாற்றுத் தேர்வு, பாடச்சுமையை ஒரு பருவத்தில் குறைத்து அடுத்ததில் கூட்டும் உரிமை. 2021 முதல் இயங்கும் கல்வி மதிப்பலகு வங்கி இவற்றில் கடைசியானதைக் கொள்கையளவில் ஏற்கெனவே ஏற்றிருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012லேயே விளையாட்டையும் படிப்பையும் சேர்த்து நடத்தும் இரட்டை வாழ்க்கைப் பாதைக்கான வழிகாட்டு நெறிகளை வகுத்துவிட்டது. இணையவழிப் பட்டமே போதுமே என்பாரும் உண்டு. வணிகவியலுக்கு அது பொருந்தலாம். இயன்முறை மருத்துவமோ இயந்திரவியலோ படிக்க விரும்பும் மல்யுத்த வீராங்கனைக்கு அது தேர்வு அல்ல, அவர் விருப்பத்தைச் சுருக்கச் சொல்வது.

உச்சத்தைத் தொட முழு இளமையும் வேண்டும், படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்பது பயிற்சியாளர்கள் தரப்பின் வலுவான வாதம். அந்தப் 'பிறகு' யாருக்கு வாய்க்கும் என்று கேட்டால் வாதம் தளர்கிறது. கராத்தே டோக்கியோவில் ஒலிம்பிக் விளையாட்டு, பாரிஸில் இல்லை. உழைத்தவரின் தவறு எதுவும் இல்லாமலேயே மேடை அகன்றது. முழங்கால் தசைநார் ஒன்று அறுந்தால் அதே கதி ஒரே நொடியில். வசதியான வீட்டுப் பிள்ளை 26 வயதில் மீண்டும் கல்லூரிக்குப் போகலாம். 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் ஏழைகள் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடிழந்தன. அத்தகைய குடும்பத்துப் பிள்ளைக்குக் கூடுதலாக ஓராண்டுக் கட்டணம் என்பது படிப்பின் முடிவாகவே இருக்கலாம். நாட்காட்டியைத் திருத்தும் செலவை நிறுவனம் ஏற்க மறுக்கும்போது, அதே செலவை அந்தக் குடும்பம் ஏற்கிறது. ஏற்க முடியாதபோது பிள்ளை களத்தையோ கல்லூரியையோ விடுகிறது.