வேணாம்மா

தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு ஆறு மா நிலம் இருந்தது. ஆறு மாவிலும் அம்மா நடவு நட்டிருக்கிறாள், களை பறித்திருக்கிறாள். தாத்தாவின் காரியம் முடிந்த மறுவாரம் தன் பங்கைப் பற்றிக் கேட்டாள். மாமா கோபப்படவில்லை. "வேணாம்மா, உனக்கெதுக்கு அதெல்லாம்" என்றார். பிறகு பதிவு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து. அந்தப் பத்திரத்துக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொத்தில் மகளுக்குக் கொடுத்த உரிமையிலிருந்துதான் அம்மாவுக்கு விடுதலை.

மாமாவின் வார்த்தையில் கடைசியாக ஒட்டியிருந்த அந்த 'மா' என்னை விடவில்லை.

நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் மா ஒன்று. விலங்கு, குதிரை, மாமரம், திருமகள், பெரியது எல்லாம் மாதான். யாழ்ப்பாணத்தில் இடித்த அரிசியும் மா. எண்ணில் அது இருபதில் ஒரு பங்கு; நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. சோழர் கல்வெட்டுகள் கோயில் நிலங்களை இப்படித்தான் கணக்கிட்டன. ஆனால் 'அம்மா' தேய்ந்து மிஞ்சிய வால், பெண்களின் பேச்சுக்குப் பின்னால் ஒட்டிவரும் மா, இலக்கணப் பட்டியலில் இல்லை. முன்னால் நிற்பவரிடம் "சொல்லுங்க சார்" என்ற அதே வாய், என் முறை வந்ததும் "சொல்லுமா" என்கிறது. அன்புதான். அன்போடு ஒருமையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

சமஸ்கிருதத்தில் 'மா' என்றால் 'வேண்டாம், செய்யாதே'. வால்மீகி ராமாயணத்தில் இணைப்பறவைகளில் ஆணை வேடன் வீழ்த்துகிறான். பெண்பறவை கதறுகிறது. அதைக் கேட்ட முனிவர் வாயிலிருந்து, முதல் சுலோகம் என்று மரபு கொண்டாடும் பாட்டு, இந்த 'மா'வோடுதான் புறப்படுகிறது. அங்கே அது கொன்றவனைச் சபித்த சொல். காளிதாசனின் குமாரசம்பவத்தில் அதே சொல் மகளைத் தடுக்கிறது. தவம் செய்யக் கிளம்பிய பார்வதியிடம் தாய் மேனை "உ மா" என்கிறாள்: "அடியே, வேண்டாம்." அதனால்தான் அவளுக்கு உமா என்று பெயர் வந்ததாம். ஒரு பெண்ணுக்கு விதித்த தடையே அவள் பெயராகிவிட்டது. அவள் தடையை மீறிப் போய்த் தவம் செய்தாள் என்பதை அந்தப் பெயர் சொல்வதில்லை.

இந்த 'மா'க்களுக்கெல்லாம் ஒரே வேர் என்று நிறுவும் ஆசை எனக்கில்லை; அதற்கென்றே புத்தகம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தாயைக் குறிக்கும் சொற்களில் மகர ஒலி ஏன் இத்தனை மொழிகளில் வருகிறது என்பதற்கு ரோமன் யாக்கப்சன் எளிய காரணம் சொன்னார்: பால் குடிக்கும் குழந்தைக்கு வாய் அடைபட்டிருக்கிறது, முனகல் மூக்கு வழியே வருகிறது. மற்றவை தற்செயல் ஒற்றுமைகள். தற்செயலாக எதிரெதிரே நிற்கும் சொற்களும் சில சமயம் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன.

எபிரேயத்தில் 'மா' என்றால் 'என்ன'. பாஸ்கா இரவில் யூதர் வீடுகளில் வயதில் இளையவர் கேட்கும் கேள்வி இந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது: மற்ற இரவுகளைவிட இந்த இரவில் என்ன வேறுபாடு? கேட்கத் தெரிந்த மகன் கேட்கட்டும், அவனால் முடியாவிட்டால் மனைவி கேட்கட்டும் என்கிறது தல்மூத். மனைவிக்கு இரண்டாவது இடம்தான். ஆனாலும் கேட்பது அவள் வேலை என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். குர்ஆனின் அரபியிலும் 'மா' சில இடங்களில் 'என்ன', சில இடங்களில் 'இல்லை'. இறுதியில் ஒரு ஹம்ஸா சேர்ந்தால் தண்ணீர்.

போன மாதம் அம்மாவிடம் உமா கதையைச் சொன்னேன். இடியாப்பத்துக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"அவ அம்மா பேச்சக் கேட்டாளா?"

"கேக்கல. போய்த் தவம் பண்ணினா."

சல்லடையை இரண்டு தட்டுத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அந்தப் பத்திரத்துக்கு நகல் கேட்டா இப்பவும் குடுப்பாங்களா?" என்றாள்.