கூடையும் குவளையும்

மனிதன் கருவிகளைக் கைக்காக மட்டும் செய்துகொள்வதில்லை, மனத்திற்காகவும் செய்துகொள்கின்றான். மன்னரின் வாளும் முடியும் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. உழைப்பாளியின் கூடையும் குவளையுமோ இன்னும் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கின்றன. அவற்றை உள்ளே அழைப்பது நம் கடமையாகும்.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் கண்டு குறித்த மலைநாடு, அவர் பெயராலேயே வழங்கலாயிற்று. 1929இல் ஜே. ஏ. ரசல் அங்கே 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தானா ராத்தாவைச் சூழ்ந்த மலைச்சரிவுகளைத் தோட்டங்களாக்கிய கைகளுள் தமிழர் கைகள் பல.

அந்நாளில் கொழுந்து கிள்ளியோரின் முதுகில் கூடை தொங்கியது. இரு கைகளும் கிள்ளுவதற்கு ஓய்வாக இருத்தல் வேண்டும். ஆகவே சுமை முதுகிற்குச் சென்றது. பின்னலின் கண்கள் வழியே காற்றுப் புகுதல் வேண்டும். புகாவிடின் கொழுந்து வெதும்பிச் சிவந்து கெடும். இலையின் நலம் இவ்வாறு நுட்பமாக எண்ணப்பட்டது. சுமப்பவளின் நலமோ? இலங்கை மலையகத்தில் கூடைக்கயிறு தலையிலே பதிந்தது. அக்கயிற்றின் கீழ் மடித்து வைத்த துணி, பெண் தானே தேடிக்கொண்ட ஆறுதல். அமைத்தவர் மறந்ததை அணிந்தவள் நிரப்பினாள். நிறுவைக்கேற்பக் கூலி என்பதால், நிறைந்த கூடை மகிழ்ச்சியையும் தராசு அச்சத்தையும் தந்தன.

பின்னர்க் கத்தரிக்கோலும், இருவர் பிடித்துச் செல்லும் இயந்திரமும் கேமரன் மலைக்கு வந்தன. அறுவடை விரைந்தது. அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. முதுகு வலித்தவர்க்கே அதன் அருமை தெரியும். எனினும் கொழுந்தின் இளமையைத் தொட்டறிந்த விரல்களின் கல்வி அத்துடன் மங்கிற்று.

பொருளின்மீது அன்பு வைத்தல் தமிழர்க்குப் புதிதன்று. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் 'ஆதன்' முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. மகளுக்குச் சீராகத் தரும் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கத்தையும் நாம் அறிவோம். வெட்டிய எழுத்தால் குவளையின் கொள்ளளவு கூடுவதில்லை; ஆயின் அது கடைச்சரக்கு என்னும் நிலை நீங்கி, உறவாகிவிடுகின்றது. தோட்டக் கூடை தோட்டத்தின் கணக்கிற்கு உரியது. பெயர் வெட்டிய குவளை ஒருத்தியின் வாழ்விற்கு உரியது.

மேலைநாட்டு அறிஞரும் இவ்வுண்மையை உணர்ந்துள்ளனர். 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கை அளித்த சார்லசு ஈம்சு, ரே ஈம்சு இணையர், நம் எளிய செம்பின் வடிவத்தைப் பெரிதும் போற்றினர். பல தலைமுறைகளின் கைகள் சேர்ந்து வடித்த வடிவம் அது என்றனர். 2004இல் டொனால்டு நார்மன் இப்பொருள்பற்றித் தனி நூலே எழுதினார். பார்த்தவுடன் எழும் விருப்பம், பயன்படுத்துகையில் பெறும் நிறைவு, நினைக்கையில் ஊறும் பெருமிதம் என மூன்று நிலைகளை அவர் வகுத்தார். மூன்றாவது நிலையை நம் அன்னையர் குவளையின் விளிம்பிலே எழுதிவைத்தனர்.

மாணவர் தம் இல்லத்துப் பரணில் ஏறிப் பார்க்கட்டும். எப்பாத்திரத்தில் எவர் பெயர், எவ்வாண்டு, எவர் தந்தது என்று கேட்டு எழுதட்டும். பழைய கூடையின் வடிவத்தை வரைந்து வைக்கட்டும். கேட்டுச் சொல்ல முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். மலையைத் தோட்டமாக்கியோரின் வரலாறு, அவர்கள் கைப்பட்ட பொருள்களிலிருந்தும் எழுதப்படட்டும்.