கல் செக்கு

கல் செக்கு என்பது தமிழக ஊர்களில் எண்ணெய் ஆட்டப் பயன்பட்ட பழைய ஆலை ஆகும். கல் உரலில் நிற்கும் மர உலக்கையை மாடுகள் சுற்றிவந்து இழுக்க, எள், இலுப்பை ஆகியவற்றிலிருந்து எண்ணெய் பிழியப்பட்டது. எள்ளின் சக்கை பிண்ணாக்காகி மாட்டுக்கே தீவனமாயிற்று. சோழர் காலத்தில் இதற்குச் 'செக்கிறை' என்னும் வரி இருந்தது. செக்கைச் செய்தளித்தவரின் பெயரை உரலிலேயே பொறிப்பதும் உண்டு.

கீழ்பென்னாத்தூரை உள்ளடக்கிய திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை மானாவாரிப் பயிராகப் பரவியபின் கடலையும் செக்குக்கு வந்தது. 1908இல் தண்டிக்கப்பட்ட வ. உ. சிதம்பரம் பிள்ளை, கோயம்புத்தூர் சிறையில் மாடுகளுக்குப் பதிலாகச் செக்கிழுக்க வைக்கப்பட்டார்.

20ஆம் நூற்றாண்டில் மின் ஆலைகள் வந்தபின் கல் செக்குகள் கைவிடப்பட்டன. பல உரல்கள் தெருவோரம் பாதி புதைந்து கிடக்கின்றன. அவற்றிலுள்ள எழுத்துகள் படிக்கப்படுமுன்பே தேய்ந்துவிடக்கூடும். இன்று 'மரச்செக்கு எண்ணெய்' என விற்கப்படுவதில் பெரும்பகுதி மின்விசையால் சுழலும் செக்குகளில் ஆட்டப்படுவதே.