கல்லில் நடக்கும் கதைகள்

மைசூர்ச் சீமையின் தென்கிழக்கே, மலைகளுக்கிடையே தமிழ் வழங்கும் ஊர் மார்டள்ளி. அங்கிருந்து கொள்ளேகாலம் வழியாக மைசூருக்குச் செல்வோர், சாலையினின்று சற்றே விலகினால் சோமநாதபுரத்துக் கேசவர் கோயிலைக் காணலாம். ஹொய்சள மன்னன் மூன்றாம் நரசிம்மனின் தண்டநாயகனாகிய சோமநாதன், 13-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் எழுப்பிய கோயில் இது.

கோயிலின் அளவு பெரிதன்று. தஞ்சைப் பெருவுடையார் விமானத்தைக் கண்டு பழகிய நம் கண்கள் இங்கு வானத்தை நோக்க வேண்டுவதில்லை. குனிந்து நோக்க வேண்டும். அடித்தளத்தைச் சுற்றி வரிவரியாகச் சிறு சிற்பங்கள். கீழே யானைகள், அவற்றின்மேல் குதிரை வீரர், அதன்மேல் கொடிக்கருக்கு, அடுத்து புராணக் கதைகள், பின்னர் மகரமும் அன்னமும். யானை பாரத்தைத் தாங்குகிறது. குதிரை விரைவைக் காட்டுகிறது. பல விலங்குகளின் உறுப்புக்களை ஒன்றாக்கிய மகரமோ, கற்பனையின் குழந்தை.

கதைவரியில் இராமாயணமும் பாகவதமும் பாரதமும் தொடர்ந்து வருகின்றன. வலம் வருபவன் நடக்க நடக்கக் கதையும் நடக்கிறது. ஏடு படிக்க அறியாதவனுக்கும் கோயிற் சுவரே ஏடாயிற்று. வெட்டி எடுக்கும்போது மென்மையாயிருந்து, காற்றுப்பட்டு இறுகும் மாக்கல்லே இத்தகைய நுண்ணிய வேலைக்கு இடந்தந்தது.

இனி, நாம் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. தாராசுரத்தில், இரண்டாம் இராசராசன் காலத்துக் கோயிலில், நாயன்மார் வரலாறுகள் இவ்வாறே சிறு சிற்பங்களாக உள்ளன. அங்குள்ள எழுத்துக்கள் சிற்பத்தில் நிற்கும் அடியார் யாவர் என்பதைக் கூறும். சோமநாதபுரத்துச் சுவரிலுள்ள பெரிய திருவுருவங்களின் பீடங்களிலோ, கன்னட எழுத்தில் செதுக்கியவர் யாவர் என்பது காணப்படுகிறது. அவற்றுள் மிகுதியாக வருவது மல்லிதம்மன் என்னும் பெயர். 1246-இல் அமைந்த நுக்கேஹள்ளிக் கோயிலிலும் இப்பெயர் உண்டு.

எனினும், கையெழுத்துப் பெற்ற பெருமை பெரிய உருவங்களுக்கே. கீழே அணிவகுத்த யானைகள் பெயரற்ற உளிகளின் படைப்பாகவே நிற்கின்றன. மன்னனையும் தண்டநாயகனையும் சாசனம் காத்தது. மல்லிதம்மனை அவனது கையெழுத்துக் காத்தது. ஏனையோரைக் காப்பது நமது பார்வை ஒன்றே.

2023-ஆம் ஆண்டில் இக்கோயில், பேலூர், ஹளேபீடு ஆகியவற்றுடன் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பெற்றது. அங்குச் செல்லும்போது கருவறைகளை மட்டும் கண்டு திரும்பாமல், ஒருமுறை மெல்ல வலம் வருவோமாக. அந்தச் சிறு யானைகளைக் கைபடாமல், கண்ணாரக் காண்போமாக.